வயலுக்கு வரப்போகிற ஏ.ஐ. யார்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வன்னி விவசாயிகளுக்கு இனி ஏ.ஐ. ஆலோசனை கிடைக்கும் என்று உங்கள் பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்ட தலைப்பை எங்கள் ஊர்ச் சனம் சந்தோசத்தோடு வாசித்தது. நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. எங்கள் பகுதிக்கு நிரந்தரமான விவசாயப் போதனாசிரியர் இல்லை. பக்கத்துப் பிரிவில் இருப்பவர்தான் தன் வேலையோடு எங்களையும் பார்க்கிறார். விவசாயப் போதனாசிரியரை இங்கே யாரும் முழுப்பெயரில் சொல்வதில்லை. அக்ரிகல்சர் இன்ஸ்ரக்டர் என்ற உத்தியோகப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.ஐ. என்பார்கள். வயதுக்குச் சின்னவரென்றாலும் ஏ.ஐ. ஐயா, பெண்ணென்றால் ஏ.ஐ. மிஸ். ஆகவே தலைப்பைப் பார்த்தவர்கள் வெற்றிடம் நிரம்பிவிட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

“புது ஏ.ஐ. எந்த ஊராம்?” என்று பால் கொடுக்க வந்த ஒருவர் கேட்டார்.

“பேரும் போடேல்லை, படமும் போடேல்லை.”

“அப்ப பொம்பிளைப் பிள்ளையாத்தான் இருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னார் மற்றவர்.

செய்தியைக் கடைசிவரை வாசித்துத்தான், கைபேசியில் இலையைப் படம் பிடித்து அனுப்பினால் நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய செய்தி அது என்று விளங்கியது. ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற இரண்டு சொல்லும் அந்தச் செய்தியில் ஓரிடத்திலும் இல்லை. முதல் வரியிலிருந்து முடிவு வரை ஏ.ஐ., ஏ.ஐ. மட்டும்தான்.

நான் கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். வருகிற கடிதத்தில் இருக்கிற சுருக்கப்பெயரைப் பார்த்து அது எந்தக் கோவைக்கு, எந்த மேசைக்கு என்று பிரித்து அனுப்புவதில் என் உத்தியோக காலம் போனது. அதனால் இந்த இரண்டு எழுத்தோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. இங்கே வயலும் மாடும் வைத்திருக்கிற ஒரு குடும்பத்துக்கு ஏ.ஐ. என்றால் எத்தனை பொருள் என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து தலைப்புப் போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது ஏ.ஐ. மேலே சொன்ன ஆள். மோட்டார் சைக்கிளில் வருவார். வரம்பில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குவார். பயிரைப் பிரித்து அடித்தண்டைப் பார்ப்பார். பக்கத்து வயல்காரன் என்ன மருந்து அடித்தான், எப்போது அடித்தான் என்றும் விசாரிப்பார்.

இரண்டாவது ஏ.ஐ. மிருக வைத்தியரின் கந்தோரில் இருக்கிறது. அங்கே ஏ.ஐ. என்றால் செயற்கைமுறைச் சினைப்படுத்தல். சனத்தின் வாயில் சினை ஊசி. உறைய வைத்த விந்தை வைக்கோல் தண்டு போன்ற மெல்லிய குழாயில் அடைத்து, சைபருக்குக் கீழே 196 பாகையில் இருக்கிற திரவ நைதரசன் தாங்கியில் வைத்திருப்பார்கள். மாடு இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடமளவு பிடித்து உருக்கிப் போடுவார்கள். ஜேர்சியும் சாகிவாலும் எங்கள் பட்டிகளுக்குள் கலந்தது பெரும்பாலும் இந்த வழியால்தான். நல்ல நாம்பனைத் தேடி மாட்டை ஊர் ஊராக நடத்திப்போன சிரமமும் குறைந்தது.

இதில் நேரம்தான் எல்லாம். பசு சினைக்கு வந்து காலையில் கத்தத் தொடங்கினால் அன்று பின்னேரம் ஊசி போடவேண்டும். பின்னேரம் கண்டால் அடுத்த நாள் காலை. அந்த நேரம் தப்பினால் 21 நாளளவு காத்திருக்கவேண்டும். காத்திருக்கிற நாளெல்லாம் தீனிச் செலவு, பால் இல்லை. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் ஒரு விதவைப் பெண் தன் மாட்டுக்காக ஒரு பெடியனிடம் “ஏ.ஐ.யை வரச்சொல்லு” என்று சொல்லியனுப்பினா. பெடியன் கேள்விப்பட்ட ஏ.ஐ. வயல் ஏ.ஐ. ஒருவர்தான். அவரும் நல்ல மனுசன், மினக்கெட்டு வந்துவிட்டார். “அம்மா, எந்தப் பயிரிலை நோய்?” என்று கேட்க, அந்த அம்மா மாட்டுக் கொட்டிலைக் காட்டினா. ஊர் சிரித்தது. மாட்டுக்கு அந்தத் தவணை தப்பிப் போனது.

அதே மிருக வைத்தியத் துறையில் இன்னொரு ஏ.ஐ. இருக்கிறது: ஏவியன் இன்புளுவென்சா, அதாவது பறவைக் காய்ச்சல். 1997இல் ஹொங்கொங்கில் கோழிகளிலிருந்து எச்5என்1 கிருமி மனிதருக்குத் தொற்றி, 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்த பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. இந்தக் கிருமி நீர்ப்பறவைகளோடு தூரதேசம் போகக்கூடியது. மன்னார் வங்காலையிலும் பூநகரிப் பக்கத்திலும் மாரியில் வலசைப் பறவைகள் வந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எங்கோ நடக்கிற கதை அல்ல. ஒரே கந்தோரின் ஒரே சுவரில் ‘ஏ.ஐ. சேவை’ என்றும் ‘ஏ.ஐ. எச்சரிக்கை’ என்றும் இரண்டு அறிவித்தல் ஒட்டினால், ஒன்று மாட்டுக்காரன் தேடிப் போகவேண்டியது, மற்றது கோழிக்காரன் பயப்படவேண்டியது. அதை வாசிக்கிறவன் எப்படிப் பிரித்தறிவான்?

சிரிப்புக்கு இடமில்லாத ஏ.ஐ. ஒன்று பீடைகொல்லி ஆலோசனைத் தாள்களில் வரும். அக்ரிவ் இன்கிரீடியன்ற் என்பதன் சுருக்கம்; போத்தலுக்குள் உண்மையில் வேலை செய்கிற சரக்கு எவ்வளவு என்பதைக் குறிப்பது. மிச்சமெல்லாம் கரைப்பானும் சேர்மானமும். ஆராய்ச்சிக்காரர் கணக்குப் போடுவது இந்தச் சரக்கின் நிறையில். கடைக்காரர் விற்பது போத்தலின் கொள்ளளவில். நடுவில் நிற்பவர் விவசாயி. உதாரணத்துக்கு ஒரு தாளில் ‘ஹெக்டேயருக்கு 800 கிராம் ஏ.ஐ.’ என்று இருக்கிறதென்று வையுங்கள். லீற்றருக்கு 400 கிராம் சரக்குள்ள மருந்தென்றால் ஹெக்டேயருக்கு 2 லீற்றர் தேவை. லீற்றருக்கு 600 கிராம் உள்ளதென்றால் 1.33 லீற்றர் போதும். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஆக ஏக்கருக்கு முதலாவதில் 810 மில்லிலீற்றரளவு, இரண்டாவதில் 540 மில்லிலீற்றரளவு. 800 என்று போட்டிருப்பதை அப்படியே மில்லிலீற்றராக எடுத்து முதலாவது மருந்தை ஒரு ஹெக்டேயருக்கு அடித்தால் வேண்டியதில் பாதிகூடப் போகாது, புல் சாகாது. இரண்டாவது மருந்தை ஏக்கருக்கு 800 என்று அடித்தால் ஒன்றரை மடங்கு போகிறது. கைபேசி ஏ.ஐ.யிடம் ‘ஏ.ஐ. அளவு என்ன’ என்று கேட்டால் அது எந்த ஏ.ஐ.யை நினைத்துப் பதில் சொல்லுமோ, அதை இளையவர்கள் சோதித்துப் பார்க்கட்டும்.

ஏ.ஐ. மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. நெல்லை நாசமாக்குகிற கபில நிறத் தத்தியை, நாங்கள் அறக்கொட்டி என்று சொல்வதை, விவசாயத் திணைக்களக் காகிதங்களில் பீ.பி.எச். என்பார்கள். அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வயலில் வட்டம் வட்டமாக நெருப்புப் பட்டது மாதிரிக் காய்ந்துவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டினாலும், நெருக்கி விதைத்தாலும், கண்டபடி மருந்தடித்துச் சிலந்திகளைக் கொன்றாலும் இது பெருகும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சலம் போவதில் கரைச்சல் என்று ஆசுபத்திரிக்குப் போனேன். வைத்தியர் என் கிளினிக் கொப்பியில் எழுதியது: பீ.பி.எச். வயது போன ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி வீங்குகிற, புற்றுநோயல்லாத வருத்தம் அது. கொப்பியைப் பார்த்த என் மருமகன், “மாமா, வயலிலையும் பீ.பி.எச்., வயல்காரனிலையும் பீ.பி.எச்.” என்றார். இரண்டுக்கும் மருந்து ஒரே கடையில் இல்லை என்பதுதான் ஆறுதல்.

வன்னிச் சனத்துக்குச் சுருக்கப்பெயர் விளங்காது என்று இதை வாசிக்கிற யாரும் நினைத்துவிட வேண்டாம். சுருக்கப்பெயர்களை எங்களைவிட அதிகம் படித்தவர் இருக்கமாட்டார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தவர்களுக்கு, ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியாத கிழவிக்குக்கூட, என்.எப்.ஐ. என்றால் பாய், வாளி, சட்டி பானை, போர்வை என்று தெரியும். டபிள்யூ.எப்.பி. என்றால் மாவும் பருப்பும். மீளக்குடியேறியபோது யு.எக்ஸ்.ஓ. என்றால் வெடிக்காமல் கிடக்கிற குண்டு, கிட்டப் போகக்கூடாது என்பதைச் சின்னப் பிள்ளைகளும் படித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அரச பதிவுகளில் ஐ.டி.பி. என்று பெயர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. இன்று என் பேரப்பிள்ளைகள் ஐ.டி.பி. என்று சொல்வது ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சை நடத்துகிற நிறுவனத்தை. வெளிநாட்டில் வாகனம் ஓட்டப்போகிறவனுக்கு ஐ.டி.பி. சர்வதேச சாரதி அனுமதிப் பத்திரம். பிள்ளைகள் அந்த மூன்று எழுத்தை ஆசையோடு உச்சரிக்கும்போது எனக்கு என்னவோ செய்யும். அவர்களிடம் ஒன்றும் சொல்வதில்லை.

சுருக்கப்பெயர் நல்லதாக இருக்கவும் முடியும். பீ.ஜி. 300, பீ.ஜி. 352, ஏ.ரி. 362 என்று நெல்லினங்களைச் சொல்கிறோமே, அதில் பீ.ஜி. என்றால் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. ஏ.ரி. என்றால் அம்பலாந்தொட்டையில். இலக்கத்தைப் பார்த்தால் வயதும் தெரியும்: 250 என்றால் இரண்டரை மாதம், 300 என்றால் மூன்று மாதம், 352, 362 எல்லாம் மூன்றரை மாதத்து இனங்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று பார்த்து, சிறுபோகத்துக்கு எந்த இனம் என்று கமக்காரர் கூட்டத்தில் ஒரு சொல்லில் பேசி முடிக்கலாம். இந்தச் சுருக்கத்தை யாரும் விரிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே வயலில் நிற்கிறார்கள் என்பதுதான் அதற்குக் காரணம்.

பத்திரிகை அப்படியல்ல. ஒரு பக்கம் நான், மறுபக்கம் வைத்தியர், இன்னொரு பக்கம் வழக்கறிஞர். மார்பகப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழைக்குப் போய்ச் சிகிச்சை எடுக்கிற என் உறவுக்காரப் பெண்ணுக்கு ஏ.ஐ. என்பது தினமும் விழுங்குகிற லெற்ரோசோல் வகைக் குளிசை. உடம்பில் ஈஸ்ரஜன் உண்டாவதைக் குறைக்கிற அரோமற்றேஸ் இன்ஹிபிற்றர் அது. சத்துணவு பற்றிப் படிக்கிறவர்களுக்கு ஒரு சத்து ஒரு நாளைக்குப் போதுமென்று கொள்ளும் அளவு. மனித உரிமைக் காரருக்கு 1961இல் லண்டனில் தொடங்கிய சர்வதேச மன்னிப்புச் சபை. சென்னைக்குப் போகிறவனின் ரிக்கற்றில் எயார் இந்தியா. இணையத்தில் ஒரு முகவரியின் கடைசியில் வந்தால் அது கரிபியன் கடலில் இருக்கிற அங்குயிலா என்ற சின்னத் தீவின் குறியீடு. நாடுகளுக்குக் குறியீடு பங்கிட்டபோது அந்தத் தீவுக்கு இந்த இரண்டு எழுத்து விழுந்தது. இப்போது கணினிக் கம்பனிகள் எல்லாம் அந்த முகவரிக்குப் போட்டி போட, 2023இல் அந்த அரசின் வருமானத்தில் ஐந்திலொன்றுக்கு மேல் இதிலிருந்தே வந்தது. பொருள் மாறாட்டத்தால் நட்டப்படாமல் காசு பார்த்த ஒரே ஊர் அதுதான் என்று நினைக்கிறேன்.

தூதரகங்களில் ஒரு பெயருக்குப் பின்னால் சின்ன எழுத்தில் ஏ.ஐ. வந்தால், அது அட் இன்ரெரிம் என்ற இலத்தீன். நிரந்தர ஆள் வரும்வரை பதில் கடமை பார்ப்பவர். அந்தக் கணக்கில் எங்களைப் பார்க்க வருகிறவர் ஏ.ஐ. ஏ.ஐ. இதை அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு, “அண்ணை, எனக்கு அலவன்சும் ஒழுங்கா வாறேல்லை” என்றார்.

இந்தக் கூட்டத்துக்குள் கணினி ஏ.ஐ. பிந்தி வந்து சேர்ந்தது. மாட்டு ஏ.ஐ.யின் வேலை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியப் பாதிரியார் ஸ்பலன்சானி ஒரு பெட்டை நாயில் செய்துபார்த்த காலத்தில் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவு என்ற ஆங்கிலப் பெயரை ஜோன் மக்கார்த்தியும் கூட்டாளிகளும் ஒரு கூட்டத்துக்கான திட்டத்தில் எழுதியது 1955இல். அதன்படி டார்ட்மத் கல்லூரியில் கூடிப் பேசியது 1956 கோடையில். பிறகு அந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் நிறையக் காசு கொடுத்தது ஆர்பா என்ற பாதுகாப்புத் துறை நிறுவனம், 1958இல் தொடங்கியது. இங்கேயும் ஆர்பா இருக்கிறது. கமநல சேவை நிலையத்தின் விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர்களுக்கு அதுதான் சுருக்கப்பெயர். ஏ.ஐ.யும் ஆர்பாவும் சேர்ந்து வேலை செய்வதை அமெரிக்காவில் மட்டுமல்ல, எங்கள் கந்தோர் விறாந்தையிலும் கண்டிருக்கிறேன்.

கணினி ஏ.ஐ.யோடு எனக்குக் கோபமில்லை. இலையின் படத்தைப் பார்த்து ஒரு நோயின் பெயரைச் சொல்லட்டும், தூரத்தில் இருக்கிறவனுக்கு அதுவும் உதவிதான். ஆனால் படத்தில் வருவது இலை மட்டும். அறக்கொட்டி இருப்பது அடித்தண்டில். மேல்வாய்க்கால்காரன் இரவில் மடையை வெட்டிவிட்டானா, கடையில் தந்தது காலாவதியான மருந்தா என்பதெல்லாம் படத்துக்குள் விழாது. ஒரு ஆளின் வெற்றிடத்தை ஒரு செயலியால் நிரப்பலாம் என்று மேலிடத்தில் யாராவது நினைத்தால், இருவருக்கும் ஒரே பெயர் இருப்பது அவர்களுக்கு நல்ல வசதி. தலைப்புப் போடுகிறவர்கள் அந்த வசதியைச் செய்துகொடுக்கக் கூடாது என்பதுதான் என் முறைப்பாடு. வெற்றிடமான போதனாசிரியர் பதவிகள் எத்தனை என்று உங்கள் செய்தியாளர் கேட்டு எழுதினால் அதுவும் ஒரு ஏ.ஐ. செய்திதான்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒரு செய்தியில் முதல் தடவை வரும்போது செயற்கை நுண்ணறிவு, விவசாயப் போதனாசிரியர், சினைப்படுத்தல், பறவைக் காய்ச்சல் என்று முழுதாகத் தமிழில் போடுங்கள். பிறகு வேண்டுமென்றால் சுருக்குங்கள். தலைப்பில் இடமில்லை என்று உதவி ஆசிரியர்கள் சொல்வார்கள். நடிகரின் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம் போட இடமிருக்கிறபோது இதற்கும் இடமிருக்கும். பிள்ளைகளுக்கான அறிவியல் பக்கத்தை அச்சிடுகிறவர்களும் கவனிக்கவேண்டும். அலுமினியத்தின் ஆங்கிலக் குறியீடு சில எழுத்துருக்களில் ஏ.ஐ. மாதிரியே தெரிகிறது. உங்கள் பக்கத்தைப் பார்த்த என் பேத்தி ‘ஏ.ஐ. பாத்திரம்’ என்று வாசித்துவிட்டு, சோறு தானாக வேகுமோ என்று கேட்டாள்.

காலபோகம் தொடங்கமுன் விவசாயப் பக்கத்தில் களைகொல்லி அளவுகள் போடுவீர்கள். அவற்றை ஏ.ஐ. கிராமில் போடாமல், மருந்தின் பெயரையும் அதன் வீரியத்தையும் எழுதி, 16 லீற்றர் தாங்கிக்கு இத்தனை மில்லிலீற்றர், ஏக்கருக்கு இத்தனை தாங்கி என்று போடுங்கள். மூடிக் கணக்கில் மட்டும் எழுத வேண்டாம். ஒவ்வொரு கம்பனிப் போத்தலுக்கும் மூடி ஒவ்வொரு அளவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
முல்லைத்தீவு மாவட்டம்.